அடிபிடி

எட்மன்டனில் தொண்ணூற்றேழாம் தெரு.
கம்பளக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கராத்தே வகுப்பு.
எதிரே தேவாலயம். அதன் நிலவறையில்
செவ்வாயும் வெள்ளியும் ஜூடோ.
இடையில் நாலு வழிப் பாதையும்
உப்புத் தூவிய பனிச் சேறும்.
பதினோரு வருடமாக அந்த வாசலை
பஸ்ஸுக்கு நிற்கையில் மட்டும் பார்த்திருக்கிறேன்.
(பஸ் ஓட்டுகிறவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது
என்ன சாபமோ.)

போன மாதம் ‘முதல் வகுப்பு இலவசம்’ என்று
கதவில் ஒட்டியிருந்தார்கள்.
இலவசம் என்றால் போவேன். மறைக்க என்ன இருக்கிறது?

கராத்தேயில் என் குத்து
எதிராளியின் தோலுக்கு ஒரு விரற்கடை முன்னே நின்றுவிடும்.
நிறுத்தத் தெரிந்ததற்குத்தான் கறுப்புப் பட்டி.
மெரினாவோடு இத்தனை வருடம் மோதியிருக்கிறேன்,
அவள் உள்ளங்கை சூடா குளிரா, தெரியாது.

இங்கே பிரியெல் என்றொரு பெண். பத்தொன்பது வயது.
மூக்கு வளையத்தைக் கழற்றிச்
சவர்க்காரப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து
என் கழுத்துப்பட்டையை ஒரு கையாலும்
சட்டைக் கையை மறு கையாலும் பற்றினாள்.
நான் பழக்கத்தில் காலை அகட்டி நின்றேன்.
ரொறன்ரோவிலிருந்து அண்ணன் போனில் சொல்வார்,
வீடு வாங்கப் போனபோதும் சொன்னார்,
விவாகரத்துக்கு எழுதியபோதும் சொன்னார்:
‘அகலக் கால் வையாதை.’
முதல் தடவையாக அவர் சொன்னது சரியாய்ப் போயிற்று.
அகட்டிய காலின் உள்பக்கம் அவள் பாதம் கொக்கி போட,
உத்தரம், டியூப் லைட், ஈரம் ஊறிய யேசு படம்
எல்லாம் ஒருசேர என் முகத்துக்கு நேரே வந்தன.

விழுந்தேன்.
ஆனால் சட்டைக் கையை அவள் விடவில்லை.
முதுகு தரையைத் தொடும் மட்டும்
மேலே இழுத்துப் பிடித்திருந்தாள், தலை அடிபடாதபடி.
‘எறிகிற ஆள் விடக்கூடாது’ என்றாள்,
‘அது இங்கத்தைய ஒழுங்கு.’

அந்த வசனத்தை மூன்று நாள்
பஸ்ஸில் ஏற்றி இறக்கினேன்.
ரோட்டைக் கடக்கையில் ஆரன்
என் சட்டைக் கையைப் பிடிப்பதை எந்த வயதில் விட்டான்?
கடைசி நாள் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.
பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கணக்குப் பார்க்காமல் இல்லை.
மாதம் எழுபது டாலர்.
இடது முழங்கால் ஏற்கனவே என்னோடு கதைப்பதில்லை.
நாற்பத்தாறில் திரும்பவும் வெள்ளைப் பட்டி,
எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசை.
வெள்ளிக்கிழமை மெரினாவின் நாள்.
அவளிடம் என்னவென்று சொல்வது?
‘உன்னில் ஒரு பிழையும் இல்லை’ என்று
கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.
முன்பு எங்கோ கேட்ட குரலாய் இருந்தது.

சண்டையை நாங்கள் அடிபிடி என்போம்.
ஒரே சொல். நடுவில் மூச்சு விடுவதில்லை.
நான் முன்பாதியை மட்டும்
பதினோரு வருடம் பாடமாக்கியிருக்கிறேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: முன் அனுபவம்.
‘கராத்தே, பதினோரு வருடம்’ என்று எழுதி வெட்டினேன்.
‘ஒரு தடவை விழுந்தேன்’ என்று எழுதி
அதையும் வெட்டினேன்.
இனி எழுத இடமில்லை.

நேற்றிரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல்
அலுமாரியைக் கிண்டினேன்.
என் முதல் வெள்ளைப் பட்டி
விருந்தாளிகளுக்கென்று வாங்கிய தடித்த போர்வையை
இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தது.
மூன்று முடிச்சு. நான்தான் போட்டிருப்பேன்.
பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது.

போர்வை மெல்ல மெல்லப் பெருத்தது.
எப்படி மடித்துத் தள்ளியும்
அலுமாரிக்குள் திரும்பப் போகமாட்டேன் என்கிறது.